இரவல் அடைக்கோழி

அடைக்கு உட்கார்ந்த கோழியைப் பகலில் தொடக் கூடாது. அம்மாயி, என் அம்மாவின் அம்மா, வைத்திருந்த சட்டங்களில் இது ஒன்றுக்குத்தான் விலக்கே கிடையாது. அமாவாசையில் முட்டை வைக்கலாமா, இரட்டைப்படையில் வைக்கலாமா, அடுத்த தோட்டத்து முட்டையைக் கலக்கலாமா என்று யாராவது கேட்டால், "வெச்சுத்தான் பாப்பமே" என்று சிரிப்பாள். பகலில் கோழியைத் தூக்குகிற பேச்சை எடுத்தால் மட்டும் முகம் மாறிவிடும். "பொழுது உளுகட்டும்" என்பாள். அதோடு பேச்சு முடிந்தது.

காங்கேயத்திலிருந்து தாராபுரம் போகிற சாலையில் இறங்கி, மண்தடத்தில் உள்ளே நடந்தால் அம்மாயியின் தோட்டம் வரும். மேட்டுக்காடு. சுற்றிலும் கிளுவை வேலி. உள்ளே கொழுக்கட்டைப் புல்லும், இடையிடையே வெள்வேல மரமும் நிற்கிற கொறங்காடுகள். மாடு மேய்வதற்கென்றே விட்ட நிலம் அது. நடுவில் தனியாக ஓர் ஓட்டுச் சாளை. ஒரு கோழி முட்டையிட அங்கே இடத்துக்கா பஞ்சம்? சோளத்தட்டுப் போரின் இடுக்கு, வேலியின் அடி, அவிழ்த்து விட்ட வண்டியின் நுகத்தடிக்குப் பின்னால், உயரத்து அட்டாலியில் கவிழ்த்து வைத்த பழைய மக்கிரிக் கூடைகளுக்கு நடுவே என்று எங்கும் இடும். விடுமுறைக்குப் போகிற பேரப்பிள்ளைகளுக்கு முதல் வேலை, எந்தக் கோழி எங்கே போய்க் கேறுகிறது என்று பார்த்துச் சொல்வது. கண்டுபிடித்தாலும் எல்லா முட்டையையும் எடுத்துவிடக் கூடாது. ஒன்றை அங்கேயே விட்டுவிட்டுத்தான் மற்றதை எடுக்க வேண்டும். வெறுங்கூட்டைப் பார்த்துவிட்டால் கோழி வேறு இடம் தேடிப் போய்விடும்.

எங்கள் வீட்டில் இருந்ததெல்லாம் சிறுவிடை. பெருவிடைக் கோழி உயரமும் கனமுமாகக் கண்ணுக்கு நன்றாக இருக்கும், சண்டைச் சேவல் வேண்டுமென்றால் அதைத்தான் தேடிப் போக வேண்டும். அடைக்கு மட்டும் சிறுவிடைதான். உடம்பு சின்னது, உட்கார்ந்தால் முட்டை நோகாது, உட்கார்ந்த பின் எழுந்திருக்க மனமே வராது.

பன்னிரண்டு, பதினைந்து முட்டை இட்டு முடித்ததும் ஒருநாள் இட்ட இடத்தைவிட்டு வெளியே வராது. கிட்டப் போனால் இறகு முழுவதையும் சிலிர்த்துக்கொண்டு இரண்டு பங்கு பெரிதாகும். தொண்டைக்குள்ளேயே உருளுகிற ஒரு குரல் வரும், அதுவரை அந்தக் கோழியிடம் நாம் கேட்டிராதது. கண் ஓரிடத்தில் குத்தி நிற்கும். வயிற்றுக்கடியில் கைவிட்டால் காய்ச்சல் கண்ட பிள்ளையைப் போலக் கொதிக்கும். நெஞ்சுப் பக்கத்து இறகு உதிர்ந்து வெறும் தோல் முட்டையில் படும். அந்தத் தோலில் முட்டை பட்டுக்கொண்டே இருக்கும்வரை கோழியின் மூளைக்கடியில் புரோலாக்டின் என்ற சுரப்பு ஓயாமல் ஊறும். தாய்மார்களுக்குப் பால் ஊறச் செய்கிற அதே சுரப்பு. முட்டையையும் கூட்டையும் அதனிடமிருந்து பிரித்துவிட்டால் சில நாளில் வற்றிவிடும். இதையெல்லாம் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன்.

பிரிக்கிற வேலையை ஊரில் வேறு விதமாகச் செய்வார்கள். அடை தெளிய வேண்டும் என்று கோழியைத் தண்ணீரில் முக்கி எடுப்பார்கள், மூக்குத் துளையில் இறகைச் செருகி விடுவார்கள். எங்கள் வீட்டில் இரண்டும் நடக்காது. வைக்க முட்டை இல்லாவிட்டாலும், "உக்காரோணும்னு வந்த உசுரு. யாருக்காச்சும் வேணும்" என்று அம்மாயி சுற்றுப்புறத் தோட்டங்களுக்கெல்லாம் சொல்லி அனுப்புவாள். அந்த இரவல் விஷயத்தைப் பிறகு சொல்கிறேன்.

இட்ட இடத்திலேயே விட்டால் என்ன என்று சிறுவயதில் எனக்குத் தோன்றியிருக்கிறது. அதற்கு அவள் காரணமாகச் சொன்னதெல்லாம் நடந்தவை. அட்டாலியில் விட்டால் பொரித்த குஞ்சு தாயின் பின்னால் வந்து கீழே விழும். வேலியடியில் விட்டால் கீரியும் சாரையும் வரும், ராத்திரியில் மரநாய் வரும். எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை மற்ற கோழிகள். ஒரு கோழி உட்கார்ந்திருக்கிற இடம்தான் மற்றக் கோழிகளுக்கும் பிடிக்கும். அதைத் தள்ளிவிட்டு உள்ளே புகுந்து இட்டுவிட்டுப் போகும். மூன்று நாள் வளர்ந்த முட்டையும் அன்றைக்கு இட்ட முட்டையும் ஒன்றாகிவிடும். முதலில் பொரித்த குஞ்சுகள் கால் ஊன்றியதும் தாய் அவற்றைக் கூட்டிக்கொண்டு மேய இறங்கிவிடும். பின்னால் வந்த முட்டைகளுக்குள் குஞ்சு முழுதாக உருவாகி இருந்தாலும் குளிர்ந்து செத்துப்போகும். அதனால்தான் எல்லா முட்டையையும் ஒரே இரவில் வைத்து, வேறு கோழி எட்டாத தனி இடத்தில் அடைக்கோழியை உட்கார வைப்பது.

எங்கள் சாளையில் அந்த இடம் உள் அறையில் தானியக் குதிருக்குப் பின்னால் இருந்தது. வெளிச்சம் அதிகம் வராது. ஆள் நடமாட்டம் இல்லை. உடைந்து அடிப்பாகம் மட்டும் மிஞ்சிய அகலப் பானை ஒன்று அதற்கென்றே உண்டு. பாதி அளவு சலித்த மணல் போட்டு, முஷ்டியால் நடுவில் குழி பண்ணுவாள். குழி இருந்தால் முட்டை ஓரத்துக்கு உருளாமல் நடுவிலேயே கூடி நிற்கும். மணலில் கொஞ்சம் சாம்பல் தூவுவாள், செல்லு பிடிக்காமல் இருக்க. அதற்கு மேல் வைக்கோலைக் கசக்கி மெத்தென்று பரப்புவாள். கடைசியாக ஓரத்தில் ஒரு அடுப்புக்கரித் துண்டு, ஒரு துருப்பிடித்த ஆணி, காம்போடு ஒரு வரமிளகாய். இடி இடித்தால் முட்டை கூமுட்டையாகிவிடும், இரும்பு இருந்தால் ஆகாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. இடிக்கும் கருவுக்கும் தொடர்பு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் நானும் ஆணி வைக்கிறேன். அது இல்லாத அடைக்கூட்டை என்னால் பார்க்க முடியவில்லை.

இனி அந்தத் தூக்குதல். அதைப் பலமுறை பார்த்திருக்கிறேன், பலரிடம் பார்த்திருக்கிறேன். அம்மாயியின் கையைப் போல ஒன்றைப் பார்க்கவில்லை.

எல்லாக் கோழியும் அடைந்து, பேச்சரவம் ஓய்ந்த பிறகுதான் எழுவாள். லாந்தரை எங்கள் கையில் கொடுத்து, முதுகுக்குப் பின்னால் பிடிக்கச் சொல்வாள். கோழிக்குப் பகலில் கண் கூர்மை, நமக்குத் தெரியாத நிறமெல்லாம் அதற்குத் தெரியும். இருட்டினால் அநேகமாகக் குருடு. ஓட நினைத்தாலும் எங்கே ஓடுவதென்று தெரியாது. அவள் கை முதலில் கோழியின் நெஞ்சுக்கு நேரே போய் நிற்கும். ஒரு கொத்து கொத்தும். வாங்கிக்கொள்வாள், கையை இழுக்க மாட்டாள். அது ஓயும்வரை அப்படியே இருக்கும் அந்தக் கை. பிறகு இரண்டு உள்ளங்கையும் மல்லாந்து வயிற்றுக்கடியில் நுழையும், கட்டை விரல்கள் சிறகை மேலாக அமர்த்திக்கொள்ளும். உடனே தூக்கிவிட மாட்டாள். ஒரு விரற்கடை உயர்த்தி நிறுத்துவாள். ஏனென்றால் அடைக்கோழி சிறகிடுக்கிலும் காலிடுக்கிலும் முட்டையை இடுக்கிக்கொண்டிருக்கும். அவசரப்பட்டுத் தூக்கினால் இடுப்பளவு உயரத்தில் அது நழுவி உடையும். உள்ளங்கையாலேயே தடவி, இடுக்கியிருக்கிற முட்டையைக் கீழே இறக்கிவிட்டுத்தான் கோழி மேலே வரும்.

புதுக் கூட்டில் அன்றைக்கே நல்ல முட்டை இருக்காது. இரண்டு மூன்று பழைய முட்டை, பொரிக்காது என்று தெரிந்தவை, அவைதான் இருக்கும். அதன்மேல் மெதுவாக இறக்குவாள். மக்கிரியைக் கவிழ்த்து மூடி, மேலே ஒரு கோணிச்சாக்கைப் போடுவாள். விடிந்து பார்க்கும்போது கோழி உடம்பைப் பரப்பி, முட்டையை அலகால் உள்ளே இழுத்துக்கொண்டு, கிட்டப் போனால் உருமினால் சரி. இன்னும் ஓர் இரவு பார்ப்பாள். பிறகுதான் நல்ல முட்டை உள்ளே போகும். அதுவும் இருட்டில்.

இதில் இன்னொரு வேலையும் உண்டு, பலர் மறந்துவிடுவது. பழைய இடத்தை அழித்துவிட வேண்டும். அட்டாலியில் இருந்து கோழியை எடுத்த அன்றே அந்த இடத்தில் தட்டுக்கட்டைத் திணித்து வைப்பாள். வேலியடி என்றால் முள்ளை வெட்டிச் சொருகுவாள்.

ஏன் அழிக்க வேண்டும் என்பது சின்னச் சித்தி ஒருமுறை நட்ட நடுப்பகலில் ஒரு கருங்கோழியை மாற்றியபோது எனக்கு விளங்கியது. அம்மாயி சந்தைக்குப் போயிருந்தாள். சித்திக்கும் கை நல்ல கைதான், ஒரு முட்டை உடையவில்லை. பதினொரு முட்டையையும் புதுப் பானையில் அடுக்கி, கோழியை மேலே வைத்து மூடினாள். தண்ணீர் வைக்க மக்கிரியைத் தூக்கியதும் கோழி வெளியே பாய்ந்தது. நேரே ஆசாரத்துக்கு ஓடி, அட்டாலியில் ஏறி, முட்டையே இல்லாத அந்த வெறும் பலகையில் போய் உட்கார்ந்தது. சிலிர்த்துக்கொண்டு, உருமிக்கொண்டு, இல்லாத முட்டையை அலகால் இழுத்து இழுத்து வயிற்றுக்கடியில் விட்டுக்கொண்டது. அதன் சொந்த முட்டைகள் நாலைந்து பாகம் தள்ளி, சுவருக்கு அந்தப் பக்கம் ஆறிக்கொண்டிருந்தன. பிடித்துக்கொண்டு வந்து வைத்தால் மறுபடியும் அங்கேதான் ஓடியது. சாயங்காலம் சந்தையிலிருந்து வந்த அம்மாயி யாரையும் திட்டவில்லை. "அதுக்கு முட்டை தெரியாது சாமி. எடந்தான் தெரியும்" என்றாள்.

எத்தனையோ படித்த பிறகும் இதைவிடத் தெளிவாக அந்த விஷயத்தை யாரும் எனக்குச் சொல்லவில்லை. லோரென்ஸும் டின்பர்கனும் 1938-இல் காட்டு வாத்தைப் பற்றி எழுதிய ஆய்வு ஒன்று புகழ்பெற்றது. கூட்டுக்கு வெளியே உருண்டுவிட்ட முட்டையைத் தாய்வாத்து கழுத்தை நீட்டி அலகின் அடிப்பக்கத்தால் உருட்டி உள்ளே கொண்டுவரும். பாதியில் முட்டையை எடுத்துவிட்டாலும் வெறும் அலகை உருட்டிக்கொண்டே வந்து முடிக்கும். அதைப் படித்தபோது அட்டாலியில் வெறும் பலகையை அலகால் இழுத்துக்கொண்டிருந்த கருங்கோழிதான் கண்முன் வந்தது. கூட்டின் விளிம்பில் ஒரு சாண் தள்ளி உருண்ட முட்டையைக் கோழி இழுத்துக்கொள்ளும். அறைக்கு அந்தப் பக்கம் இருக்கிற முட்டை அதன் முட்டை இல்லை.

நம் வீட்டுக் கோழிக்கு மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி. மஞ்சள் காலுக்கான மரபணு மட்டும் நம் மேற்குத்தொடர்ச்சி மலையில் திரிகிற சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008-இல் கண்டுபிடித்தார்கள். காட்டுக்கோழி தரையில், புதருக்கடியில், சருகை ஒதுக்கி முட்டையிடுகிறது. நாளுக்கு ஒருதரம் இரைக்கும் தண்ணீருக்கும் எழுந்து போய், அதே புதருக்குத் திரும்பி வர வேண்டும். அந்தக் காட்டில் முட்டை தானாக நடந்து இடம் மாறுவதில்லை. இடத்தை நினைவில் வைத்திருந்தால் முட்டையும் அங்கேதான் இருக்கும். முட்டையைத் தனியாக அடையாளம் தெரிந்துகொள்ள வேண்டிய தேவையே வரவில்லை. அதனால்தான் வாத்து முட்டையை வைத்தாலும், கினிக்கோழி முட்டையை வைத்தாலும் கோழி மறுக்காமல் காக்கிறது. 21 நாளில் பொரிய வேண்டியது 28 நாள் ஆனாலும் உட்கார்ந்திருக்கிறது.

முட்டை சேர்ப்பதை இன்னும் சொல்லவில்லை. இட்ட முட்டையைக் கம்புப் பானைக்குள் கூர்முனை கீழாகப் புதைத்து வைப்பாள் அம்மாயி. ஒரு வாரத்துக்கு மேல் ஆனது அடைக்கு ஆகாது, அது ஒறம்பரை வந்தால் குழம்புக்கு. பங்குனி, சித்திரையில் நாலைந்து நாள்தான் கணக்கு. அந்த மாதங்களில் கோழி உட்கார்ந்தாலும் வைக்க யோசிப்பாள். முட்டைக்குள் இருக்கிற கரு 21 டிகிரிக்குக் கீழே இருந்தால் தூங்கும், அதற்கு மேலே போனால் அரைகுறையாக விழித்து, வளரவும் முடியாமல் தூங்கவும் முடியாமல் கெட்டுவிடும் என்கிறது கோழி விஞ்ஞானம். எங்கள் மேட்டுக்காட்டில் 21 டிகிரியைப் பார்ப்பதே மார்கழி, தை விடியற்காலையில்தான். கம்புப் பானை அந்தக் கருவைத் தூங்க வைக்க அவளுக்குத் தெரிந்த வழி.

வெள்ளிக்கிழமை ராத்திரி வைப்பாள். மூன்றாவது வெள்ளி பொரிக்கும். காலண்டர் தேவைப்படாத கணக்கு. ஒன்பது, பதினொன்று, பெரிய கோழி என்றால் பதின்மூன்று.

நடுவில் ஒரு முட்டை உடைந்தது நினைவில் இருக்கிறது. மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, கோழியே மிதித்து உடைத்துவிட்டது. அம்மாயி அதை ஓர் ஈயத்தட்டில் வழித்து எடுத்து எங்களைக் கூப்பிட்டுக் காட்டினாள். மஞ்சள் கருவின்மேல் சிலந்தி வலை மாதிரி சிவப்பு இழைகள். நடுவில் கடுகளவு ரத்தப் பொட்டு ஒன்று விட்டு விட்டுத் துடித்துக்கொண்டிருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டே இருந்தோம், அது நின்றது. கி.மு. நான்காம் நூற்றாண்டிலேயே அரிஸ்டாட்டில் அடைமுட்டைகளை நாள்வாரியாக உடைத்துப் பார்த்து, மூன்றாம் நாளில் இதயம் ஒரு சிவப்புப் புள்ளியாகத் துள்ளுவதை எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பக்கத்தைப் படிக்கும்போது எனக்கு ஈயத்தட்டின் விளிம்பு தெரிந்தது.

இப்போது இரவல். தெக்காலத் தோட்டத்து அக்கா ஒருநாள் பொழுது சாய வந்து ஆசாரத்துத் திண்ணையில் உட்கார்ந்தாள். அந்த வருசம் வெள்ளைக் கழிச்சல் வந்து அவள் வீட்டுக் கோழி எல்லாம் போயிருந்தது. அம்மா வீட்டிலிருந்து முட்டை கொண்டுவந்திருந்தாள், வைக்கத் தாய் இல்லை. "ஏனுங்கத்தை, உங்க செவலை அடைக்கு வந்துருச்சாமா? ஒரு தடவைக்குக் குடுங். குஞ்சு பொரிச்சா ரெண்டு கொண்டாந்து உட்டுப்போடறன்." அடைக்கோழியை இரவல் கொடுப்பது சும்மா இல்லை. அடை 21 நாள். குஞ்சு தாயைவிட்டுப் பிரிய இரண்டு மாதம் ஆகும். ஏறக்குறைய மூன்று மாதம் அந்தக் கோழி நம் வீட்டில் முட்டை இடாது. முட்டைக் காசுதான் எங்கள் ஊர்ப் பெண்களுக்குக் கணக்குக் கேட்க ஆளில்லாத காசு. சுருக்குப்பையில் இருக்கும். பேரனுக்குப் பலகாரம், மகளுக்கு வளையல், யாருக்கும் தெரியாமல் கோயிலுக்கு ஒரு முடிச்சு, எல்லாம் அதிலிருந்துதான். அதை அறிந்துதான் அக்கா திண்ணையில் அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாள். அம்மாயி ஒரே வார்த்தையில், "பொழுது உளுகட்டும், நானே கொண்டாறன். உன்ற கைக்கு அது வராது" என்றாள்.

அன்றைக்கு நான் லாந்தர் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தேன். கொறங்காட்டுப் படலைத் திறந்து, புல்லுக்குள் நடந்து, அடுத்த வேலியின் கடவு தாண்டி, மறுபடியும் புல். அம்மாயி செவலையை நெஞ்சோடு அணைத்து முந்தானையால் தலைவரை மூடியிருந்தாள். பேசக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். வழியில் ஒரு நாய் குரைத்தபோது நின்றாள். கோழி அசையவில்லை என்று தெரிந்த பிறகுதான் அடுத்த அடி வைத்தாள். வீட்டுக்குள் நடக்கிற இரண்டு பாகத் தூரத்தின் அதே வேலைதான், ஆனால் ஒரு தோட்டத்தையே தாண்டுகிறது. கோழி தான் நகர்ந்ததை அறியக் கூடாது. அக்கா வீட்டில் அடுப்படிக்கு அடுத்த மூலையில் எல்லாம் அம்மாயி சொன்னபடி தயாராக இருந்தது. இறக்கினாள், மூடினாள். பிறகு வீட்டுக்குத் திரும்பாமல் அங்கேயே முந்தானையை விரித்துப் படுத்துவிட்டாள். என்னையும் பக்கத்தில் படுக்க வைத்தாள். விடியக்காலை சாமக்கோழி கூவும்போது நான் விழித்துப் பார்த்தால், அவள் மக்கிரியில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். "ஒட்டிக்கிச்சு" என்றாள். எழுந்து நடந்தோம்.

பதின்மூன்றில் பதினொன்று பொரித்ததாகச் சொல்லி அக்கா சர்க்கரை கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். குஞ்சு பிரிந்த பிறகு செவலையை இரண்டு பொட்டைக் குஞ்சுகளோடு கொண்டுவந்து விட்டாள். வந்த கோழி வாசலில் ஒருமுறை உதறிக்கொண்டது, ஆசாரத்துக்குள் போனது, அட்டாலியில் ஏறித் தன் பழைய பலகையைப் பார்த்துவிட்டு இறங்கியது.

எங்கள் ஊரிலிருந்து கிழக்கே பஸ்ஸில் போனால் நாமக்கல். அங்கே கூண்டுகளில் வரிசை வரிசையாக நிற்கிற வெள்ளை லெகார்ன் வழிவந்த கோழிகள் ஆண்டுக்கு 300 முட்டை இடுகின்றன. சத்துணவுக் கூடத்தில் பிள்ளைகள் தட்டில் விழுகிற முட்டை அவற்றுடையது. அதைக் குறைத்துப் பேச எனக்கு வாய் வராது. ஆனால் அந்த எண்ணிக்கை வந்த வழி தெரிந்தபோது மனம் கனத்தது. அடைக்கு உட்காருகிற கோழி இடுவதை நிறுத்திவிடும் என்பதால், உட்காராத கோழிகளையே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்து இனம் சேர்த்தார்கள். அந்தக் கோழி தன் ஆயுளில் ஒருமுறைகூடச் சிலிர்த்துக்கொண்டு உருமாது. அதன் முட்டையை யாரும் இருட்டில் மாற்ற வேண்டியதில்லை.

கோழி இல்லாமல் பொரிக்க வைப்பது நேற்று வந்ததும் இல்லை. எகிப்தில் மண்ணால் கட்டிய அடுப்பறைகளில் ஆயிரக்கணக்கான முட்டைகளை ஒரே சமயத்தில் பொரித்திருக்கிறார்கள். வெப்பமானி இல்லாத காலம். முட்டையை எடுத்துக் கண்ணிமையில் ஒற்றிச் சூடு பார்ப்பார்களாம் அந்த அடுப்புக்காரர்கள். தகப்பனிடமிருந்து மகனுக்கு வருகிற தொழில். அம்மாயியும் அதையேதான் செய்வாள். கோழி இரைக்கு இறங்குகிற நேரத்தில், ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்கிற முட்டையை எடுத்து இமையில் ஒற்றுவாள். ஆறியிருந்தால் நடுவுக்குத் தள்ளுவாள். அவளுக்கு எகிப்து என்ற பெயரே தெரியாது.

இன்றைக்குப் பல்லடம் பக்கத்தில் நான் குடியிருக்கிற சைட்டில் தெர்மோகோல் பெட்டியும் பல்பும் வைத்து ஒரு பையன் குஞ்சு பொரிக்கிறான். 37.5 டிகிரியை ஒரு சின்னக் கருவி பார்த்துக்கொள்கிறது. கரண்ட் போகாத வரையில் நன்றாகவே பொரிக்கிறது. ஒரு நாள் குஞ்சைப் பெட்டியில் போட்டு வெளியூருக்கே அனுப்புகிறான். வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சள் கரு இரண்டு நாளைக்குத் தாங்கும். அந்த இரண்டு நாள் இருப்பு குஞ்சுக்கு வாய்த்தது தாயின் பொருட்டு, முன்னால் பொரித்தது பசியில்லாமல் காத்திருந்தால்தான் பின்னால் பொரிப்பதற்குத் தாய் கூட்டில் உட்கார்ந்திருக்க முடியும். அவன் பெட்டிக்குஞ்சுகள் பருந்து நிழல் தலைக்கு மேல் போனாலும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நிற்கின்றன. ஓடு என்று சொல்ல அவற்றுக்கு ஆள் இல்லை. பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டின் நிக்கோலும் ஸ்டூவர்ட் போப்பும் 1996-இல் வெளியிட்ட ஆய்வில், தான் கெட்டது என்று கற்றுக்கொண்ட நிறத்து இரையைக் குஞ்சு தின்பதுபோல் தெரிந்தால் தாய்க்கோழி கொத்திக் கொத்தி, தரையைக் கிளறி, நல்ல இரையின் பக்கம் இன்னும் மும்முரமாகக் கூப்பிடுகிறது என்று காட்டினார்கள். குஞ்சு தப்பு பண்ணுகிறது என்பது அதற்குத் தெரிகிறது. முட்டையை அடையாளம் தெரியாத அதே கோழிக்கு!

இதை நினைக்கும்போதெல்லாம் அம்மாயி சொன்னதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளத் தோன்றும். இடத்தில் தொடங்குகிற பிடிப்பு, பதினெட்டு பத்தொன்பதாம் நாளில் முட்டைக்குள்ளிருந்து முதல் கீச்சொலி வந்ததும் மெல்ல மாறுகிறது. ஓட்டுக்குள் இருக்கிற குஞ்சு காற்றறையைக் குத்தித் திறந்து மூச்சு விடத் தொடங்கியதும் குரல் கொடுக்கும், தாய் தாழ்ந்த குரலில் பதில் சொல்லும். அதற்குப் பிறகு கோழிக்கு இடம் ஒரு பொருட்டில்லை. குஞ்சு எங்கேயோ அங்கே போகும். இருட்டுக்காகக் காத்திருக்க வேண்டிய காலம் அந்தச் சில வாரங்கள்தான். அந்த வாரங்களுக்குள் அதன் பிடிப்பை அறுக்காமல் இடத்தை மட்டும் மாற்றத் தெரிந்தவர்கள் எங்கள் ஊர்ப் பாட்டிகள். எந்தப் பள்ளியும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை, அவர்களிடம் போய்க் கற்றுக்கொள்ளவும் யாரையும் அனுப்பவில்லை. எனக்கு இதில் வருத்தம் உண்டு, மறைக்க விரும்பவில்லை.

போன வாரம் அடுத்த லைன் வீட்டுப் பெண் வாசலில் வந்து நின்றாள். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. ஊரிலிருந்து மாமியார் முட்டை கொடுத்தனுப்பியிருக்கிறாள், பிள்ளைகள் பொரிக்க வைக்கச் சொல்லி அடம். "உங்க கோழி ஒண்ணு உக்காந்திருக்குதாமாங்க்கா? எடுத்துட்டுப் போயி வெச்சுக்கலாமாங்? ஆனா எனக்கு ஷிப்டு முடிஞ்சு வர எட்டரை ஆயிருமுங்."

"எட்டரைதானுங் சரியான நேரம். கூடையெல்லாம் வேண்டாம், பழைய நூல்சேலை ஒண்ணு கொண்டாங்க. நானே வந்து எறக்கி வெச்சுப்போடறன். எந்த மூலைன்னு இன்னைக்கே முடிவு பண்ணிக்கோங், அப்பறம் மாத்தக் கூடாது."

"கட்டலுக்கடியிலதானுங்க்கா எடம் இருக்குது."

"கட்டலுக்கடி நல்லதுங், இருட்டா இருக்கும். நல்ல முட்டைய நாளானிக்கு ராத்திரிதான் வெக்கோணும், அதுவரைக்கும் அரிசிக்குள்ள இருக்கட்டும். பசங்ககிட்டச் சொல்லிப்போடுங், ரெண்டு நாளைக்குக் குனிஞ்சு பாக்கக் கூடாதுன்னு. டிவிய மட்டும் கொஞ்சம் கம்மியா வெச்சுக்கோங்."